பாட்டுப் பெட்டியின் மூன்றாம் சுருள்

மார்ச் 3, 2026, செவ்வாய்

காலை பத்து நாற்பதுக்கு உத்தரவு என் மேசைக்கு வந்தது. ஒன்றரைப் பக்கம். அதன் சாரம்: ‘ஆரம்’ செயற்கைக்கோளின் மின்கலம் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தளர்ந்துவிட்டது. மேலே இருக்கும் கருவிகளுள் ஒன்றை அணைத்தாக வேண்டும். முன்மொழியப்பட்டிருப்பது என்னுடைய அலைமானி. 23ஆம் தேதி திங்களன்று குழு கூடி முடிவு செய்யும். நான் அரை மணி நேரம் பேசலாம்.

ஒருமுறை அணைத்தால் அது மறுபடி எழாது. அந்தக் குளிரில் அதன் மின்சுற்றுகளைக் காப்பது அது வேலை செய்யும்போது உண்டாகும் சூடு மட்டுமே. பதினோர் ஆண்டு உழைப்பு ஒரு கட்டளை வரியில் முடியும்.

கையெழுத்து: தேவசகாயம், இயக்குநர்.

நான் கோபப்படவில்லை. கோபத்துக்கு இரத்த அழுத்தம் ஏற வேண்டும்; என்னுடையது 118க்கு 76, மதியம் அளந்து பார்த்தேன். கடந்த ஜூன் 12ஆம் நாளுக்குப் பிறகு அந்த மனிதர்மீது நான் கோபப்படுவதே இல்லை. செயற்கைக்கோளை ஏவுதளத்துக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் அது. தூசி புகாத அறையில், பதினொரு பேர் முன்னிலையில், ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அவர் சொன்னார்: “ஒரு பாட்டுப் பெட்டிக்காக ராக்கெட்டக் காக்க வைக்க முடியாது, டாக்டர்.”

முப்பத்து மூன்று ஆண்டுகளாக என்னை ‘வே’ என்று அழைத்தவர். பல்கலைக்கழக விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. அன்றைக்கு நான் ‘டாக்டர்’ ஆனேன். மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியேறினேன். அதன்பின் எங்களுக்கிடையே எல்லாம் எழுத்தில்தான்.

மாலை மிக்ஸி ஜாரைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன்.

மார்ச் 4, புதன்

ஜார் தயாராகவில்லை. கடைக்காரர் நாளை வரச் சொன்னார்.

மார்ச் 6, வெள்ளி

ஏழு மணிக்கெல்லாம் ஆய்வு நிலையத்துக்குப் போய்விட்டேன். தரவுப் பொறியாளர் ஜீனத் எனக்கு முன்பே வந்திருந்தார். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர்; நோன்புக் காலமாதலால் விடியுமுன் சஹர் உணவு முடித்தபிறகு உறங்காமல் நேரே வந்துவிடுகிறார்.

“சார், இன்னைக்கு ஒரு கிளிக்கூட்டமே வந்திருக்கு. காதுல மாட்டுங்க.”

மாட்டினேன்.

பூமியின் காந்தப்புலம் பல்லாயிரம் கிலோமீட்டர் பரந்து நிற்கிறது. அதற்குள் சிக்கிய எலக்ட்ரான்கள் பூமியைச் சுற்றி விடியற்பக்கமாக நகரும்போது மின்காந்த அலைகளை எழுப்புகின்றன. ஒலி அலைகள் அல்ல, அங்கே காற்றில்லை. ஆனால் அவற்றின் அதிர்வெண் மனிதக் காதின் எல்லைக்குள்ளேயே விழுவதால், கருவி பிடித்ததை அப்படியே ஒலிபெருக்கியில் இணைத்தால் போதும், கேட்கும். கீழிருந்து மேலே வளையும் சின்னஞ்சிறு கூவல்கள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று, அதன் மேல் பத்து. உலகெங்கும் இதைக் கோரஸ் என்கிறார்கள். நாற்பதினாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பறவையே இல்லாத இடத்தில், ஒரு விடியற்காலை.

இருபத்திரண்டு நிமிடம் கேட்டேன். அலுவல் நேரத்தில். குற்றத்தைப் பதிவு செய்துகொள்கிறேன்.

தொடர்பில்லாத ஒரு நினைவு: 1993இல் விடுதி மொட்டைமாடியில் செம்புக் கம்பியை வளையமாகக் கட்டி, மின்னலிலிருந்து பிறக்கும் சீழ்க்கை அலைகளைப் பிடிக்க முயன்றோம். என் அறைத்தோழர் மூங்கில் கழியைத் தூக்கிப் பிடித்து நின்றார். நான் காதில் வைத்திருந்தேன். “கேக்குதாவே? கை விட்டுப்போச்சுவே, கேக்குதா?” என்று நிமிடத்துக்கொரு முறை. கேட்டது. அவர் முறை வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

இயக்குநர் அழைத்தார். ஒன்பது மாதத்தில் முதல் நேர்ப்பேச்சு.

“உட்காருங்க, டாக்டர்.”

“நிற்கிறேன்.”

“உங்க இஷ்டம். கருவியில ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா மூணு கம்பிச்சுருள் இருக்கு. மூணையும் சேத்துப் பாத்தா அலை எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியும். இயற்கையான கோரஸ் காந்தப்புலத்தச் சுத்தி எப்பவும் வலஞ்சுழி. சரியா?”

“நான் எழுதிய பாடத்தை எனக்கே நடத்த வேண்டாம்.”

“உங்க கருவியில என்ன வருது? செயற்கைக்கோள் ஒரு வாக்குல நின்னா வலஞ்சுழி. வேற வாக்குல திரும்பினா இடஞ்சுழி. படகைத் திருப்பினா கடல் அலை மாறுமா? மாறுச்சுன்னா அது கடல் இல்ல, டாக்டர். படகோட மோட்டார். நீங்க கேக்குறது நம்ம செயற்கைக்கோளோட சொந்த மின்சாரச் சத்தம்.”

“மின்சாதனம் எங்காவது பாடுமா?”

“எங்க வீட்டு ஃபிரிட்ஜ் பாடுது.”

வெளியே வந்தேன். கதவை மிக மெதுவாகச் சாத்தினேன். சத்தமாகச் சாத்துவது அவருக்கு ஒரு பதில் கொடுத்தது போலாகிவிடும்.

மார்ச் 10, செவ்வாய்

படகு உவமை தவறானது. ஏன் தவறு என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 11, புதன்

இன்னும் எழுதவில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஜீனத் என் அறை வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“சார், ஒண்ணு சொல்லுதேன். திட்டக் கூடாது.”

“நான் யாரையும் திட்டுவதில்லை.”

“அதான் சார் பயமா இருக்கு. திட்டினாக்கூட தேவல.” மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். “மூணாவது சுருளோட குறிய மட்டும் மாத்திப் போட்டுப் பாத்தேன். கூட்டலுக்குப் பதிலா கழித்தல். ஏழு மாசத் தரவும் வலஞ்சுழி ஆயிடுது சார். ஒண்ணு விடாம.”

பார்த்தேன். அழகாக இருந்தது. அதனாலேயே எச்சரிக்கையானேன். விடை பிடிக்கவில்லை என்பதற்காகக் கணக்கின் ஒரு காலை ஒடித்துத் திருப்பி வைப்பதற்குப் பெயர் மோசடி. அந்தச் சுருள் தலைகீழாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். அது நேராக இருக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. மூன்றையும் சோதித்தவன் நான். சோதனைத் தாளில் இருப்பது என் கையெழுத்து. இதை நிதானமாகச் சொன்னேன்.

“சோதிச்சப்புறம் யாரும் தொடலையே சார்?”

“போய் வேலையைப் பாருங்கள்.”

போய்விட்டார். கேள்வி முறையானது. பதில்தான் முறையாக இல்லை.

மாலையில், ஜூன் 12 அன்று அந்த ஒரு நாளை எதற்காகக் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சிறு சோதனை. அவர் சொன்ன சொல் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. நான் கேட்ட காரணம் நினைவில்லை. முக்கியமானதைத்தானே மனம் வைத்துக்கொள்ளும்.

ஜார் இன்றும் இல்லை. பிளேடு மதுரையிலிருந்து வர வேண்டுமாம்.

மார்ச் 15, ஞாயிறு

மேலிடத்துக்கு அனுப்பவிருக்கும் புகார்க் கடிதத்தின் நான்காவது வரைவை முடித்தேன். ஏழு பக்கம். கருவி அணைக்கப்பட்டால் அதே நாளில் இது போகும். கூடவே என் பதவி விலகலும். என் மனைவி உலகம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க அவளால் முடியாது.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஏழு பக்கத்துல ‘பாட்டுப் பெட்டி’ங்கிற அந்த ஒரு சொல்லு பதினாலு எடத்துல வருது.”

“வலியுறுத்தல்.”

“ஒம்பது மாசமா அதையே மென்னுக்கிட்டு இருக்கீங்க. பல்லு வலிக்கலையா உங்களுக்கு? தேங்கா அரைக்கவே வீட்டுல ஜார் இல்ல. இவரு சொல்ல அரைக்காரு.”

பேச்சை மாற்ற, 6ஆம் தேதிக் கோரஸ் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“கூந்தன்குளத்துல நாரக்குஞ்சு இரைக்குக் கத்துமே, அது மாதிரில்லா இருக்கு. இதையா ஃபிரிட்ஜ் சத்தம்னு சொன்னாரு?” எழுந்து சேலை மாற்றிக்கொண்டாள். “வாங்க, போய் நேர்ல ஒப்பிட்டுப் பாத்திருவோம்.”

போனோம். வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. உலகம்மாள், இதெல்லாம் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று கேட்டாள். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றேன். “அப்ப உங்க கதைதானா?” என்றாள். அந்த ஊரில் வீட்டு முற்றத்து மரங்களிலெல்லாம் நாரைகள். ஒரு கிளைக்குப் பத்துக் கூடு. அவள் சொன்னது அறிவியல்படி ஏற்கத்தக்கதன்று. ஆனால் மிக ஒத்திருந்தது. இரண்டு இளநீர் குடித்தேன்.

மார்ச் 18, புதன்

இன்று நடந்ததை முறைப்படி எழுத முயல்கிறேன்.

சூரியனிலிருந்து திங்களன்று கிளம்பிய புயல் நேற்று பூமியை அடைந்தது. இன்று காலை ‘ஆரம்’ விடியற்பக்கத்தைக் கடந்தபோது அலைமானி பிடித்தது நான் இதுவரை கண்டிராத கோரஸ். வழக்கத்தைவிட முப்பது மடங்கு வலிமை. இரண்டு அடுக்கு, நடுவே ஓர் ஒல்லியான மௌனம். இயற்கையான கோரஸில் அந்த மௌனம் எந்த அதிர்வெண்ணில் விழ வேண்டுமோ, அங்கேயே விழுந்திருந்தது. செயற்கைக்கோள் பூமியை விட்டு விலக விலக, காந்தப்புலம் தளர, பாட்டு முழுவதும் படிப்படியாகத் தாழ் சுருதிக்கு இறங்கியது. எந்த மோட்டாருக்கும் இவ்வளவு இங்கிதம் கிடையாது.

ஜீனத் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். நானும் தட்டினேன் என்று அவர் சொல்கிறார். காவலாளி கதவைத் திறந்து, “யாருக்காச்சும் பிறந்த நாளா?” என்று கேட்டார்.

சுழற்சி மட்டும் பழையபடியே. செயற்கைக்கோள் நடுவில் திரும்பியது. பாட்டும் இடஞ்சுழியாகத் திரும்பியது.

மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் ஜீனத் ஒரு தூக்குவாளியை என் மேசையில் வைத்தார். “உம்மா குடுத்தாங்க. கறி போடாத கஞ்சி, உங்களுக்குன்னு தனியா. அது இயற்கைதான்னு எப்படியாச்சும் நிரூபிச்சிருங்க சார். அஞ்சு நாள்தான் இருக்கு.”

கஞ்சி மிக நன்றாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

ஜார் இல்லை. துணிகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன். கடிதத்தின் இறுதி வடிவத்தில் மேற்கோள் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அலமாரி மேல்தட்டிலிருந்து 2025ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன்.

தேதி சரி. சொல் சரி.

சொல்லுக்கு மேலே ஒரு வரி இருக்கிறது.

மார்ச் 21, சனி

பெருநாள். காலை பத்து மணிக்கு ஜீனத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் புதுச் சேலையில், கையில் மருதாணியோடு வந்து, “வாங்க சார், உட்காருங்க, வட்டலாப்பம் சாப்பிடுங்க” என்றார். பழைய நாட்குறிப்பை நீட்டி அந்த வரியைக் காட்டினேன். அவர் உரக்கப் படித்தார்:

‘மூன்றாம் சுருளின் ஒயரைக் கீல் நசுக்குகிறது. நானே கழற்றி, தலை மாற்றிப் பொருத்திவிட்டேன். அட்டவணையில் அதன் குறியை மாற்ற வேண்டும். சரிபார்க்க ஒரு நாள் கேட்க வேண்டும்.’

அவர் என்னைப் பார்த்தார். நான் வட்டலாப்பத்தைப் பார்த்தேன்.

“அட்டவணைய மாத்தினீங்களா சார்?”

“அந்த நாளைக் கேட்டேன். அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.”

சுருக்கமாகச் சொன்னால்: அவர் என்னை இழிவுபடுத்தினார், அந்த இழிவை இரவு எட்டுப் பக்கம் எழுதினேன், எழுத வேண்டிய ஒரே ஒரு கழித்தல் குறியை எழுதவில்லை. ஏழு மாதமாக வானம் சரியாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அதைத் தப்பாகக் கேட்க வைத்தவன் நான்.

இதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்: நேற்று அந்த வரியைக் கண்டவுடன் எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. மகிழ்ச்சி. இஸ்திரிக் கணக்கு நோட்டைக் கையில் பிடித்தபடி கூடத்தை மூன்று முறை சுற்றி வந்தேன். வெட்கம் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஜீனத் அந்தக் கட்டத்திலெல்லாம் நிற்கவில்லை. “உம்மா! சாரோட அலை நெசந்தானாம்!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். உள்ளிருந்து, “அல்ஹம்துலில்லாஹ், இன்னொரு கிண்ணம் வையி” என்று பதில் வந்தது.

பிறகு தாழ்ந்த குரலில்: “திங்கக்கிழம இதச் சொல்லித்தான் ஆகணும். இயக்குநர் முன்னாடி. உங்களால முடியுமா சார்?”

இன்னொரு கிண்ணம் சாப்பிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

நாட்குறிப்பு மட்டும் ஆதாரமாகாது. நாளைக்கு வசதியாக நேற்றே எழுதியிருக்கலாம் என்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்வேன். ஜீனத் பெருநாள் விடுமுறையிலும் நிலையத்துக்கு வந்து, பெட்டியை மூடுமுன் எடுத்த புகைப்படங்களைத் தேடினார். ஒவ்வொரு சுருளின் ஒரு முனையிலும் நான் வைத்த சிவப்புப் புள்ளி உண்டு. ஜூன் 12 மாலைப் படத்தில் இரண்டு புள்ளிகள் வெளிப்பக்கம். மூன்றாவது உட்பக்கம்.

இனித் தப்பிக்க வழியில்லை. மதியம் நன்றாக உறங்கினேன்.

மார்ச் 23, திங்கள்

குழுவில் ஐவர். தலைவர் பெங்களூரிலிருந்து வந்த, நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த ஓர் அம்மையார். இயக்குநர் எனக்கு நேர் எதிரே.

நான் சொன்னேன்: “இயக்குநரின் படகு உவமை சரியானது. அலைகள் மாறவில்லை; என் கருவிதான் மாற்றிக் காட்டியது. தவறு என்னுடையது.” புகைப்படத்தைக் காட்டினேன். நாட்குறிப்பின் வரியை வாசித்தேன். மூடப் போனேன்.

“முழுப் பக்கத்தையும் வாசிங்க, டாக்டர் பிரமநாயகம்,” என்றார் அம்மையார். “ஆவணம்னா முழுசாத்தான்.”

“மற்றவை தனிப்பட்டவை.”

“தேதிய நாங்க நம்பணும் இல்லையா?”

வாசித்தேன். பாட்டுப் பெட்டியை வாசித்தேன். அதற்கடுத்து, ‘இந்தத் தேவசகாயத்தோடு இனி ஒரு வார்த்தை பேசினால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை’ என்று இருந்தது, அதையும் வாசித்தேன். யாரோ இருமினார்கள். அம்மையார், “போதும், நம்பிட்டோம்” என்றார்.

தேவசகாயம் சிரிக்கவில்லை. படத்தில் இருந்த சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஒரு நாள் கேட்டது சுருளத் திருப்பினதுக்கா?”

“ஆம்.”

“அத ஏன்வே எங்கிட்டச் சொல்லல?”

ஒன்பது மாதத்துக்குப் பின் அந்த ‘வே’. அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“சொல்ல வாயெடுத்தேன். நீர் பாட்டுப் பெட்டி என்றீர்.”

“நான் ஆயிரம் சொல்லுவேன். மூணு நாளு தூக்கமில்லாம நின்னேன், வாயில வந்ததச் சொன்னேன். அதுக்கு நீரு பாட்டுக்குப் போயிருவீரா? சுருளு உம்ம சுருளுல்லா? எம் பல்ல உடைச்சிட்டாவது சொல்லியிருக்க வேண்டாமாவே?”

பதினொரு பேர் முன்னிலையில் பட்டதற்கு ஐந்து பேர் முன்னிலையில் என்ன விடை சொல்வதென்று ஒன்பது மாதமாகத் தயாரித்து வைத்திருந்தேன். ஏழு பக்கம். பையில் இருந்தது.

“ஆமாவே,” என்றேன். “எம்மேலதான் தப்பு.”

ஜீனத் திரையில் புதிய கணக்கை ஓடவிட்டார். ஏழு மாதத் தரவு. ஒவ்வோர் அலையும் ஒரு புள்ளி. முதலில் புள்ளிகள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தன. மூன்றாம் சுருளின் குறியை மாற்றினார். புள்ளிகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கி, பிறகு கூட்டம் கூட்டமாக, பந்திக்கு அழைத்தவுடன் எழுந்து போகிறவர்களைப் போல, வலப்பக்கம் போய்ச் சேர்ந்தன. இடப்பக்கம் வெறிச்சோடியது.

“மோட்டார் இல்ல,” என்றார் தேவசகாயம். “கடல்தான்.”

அம்மையார் நடைமுறைக்கு வந்தார். “ரொம்ப அழகு. ஆனா மின்கலம் தளர்ந்தது தளர்ந்ததுதான். எதை அணைக்கிறது?”

“மேல இருக்குற என்னோட எலக்ட்ரான் எண்ணுற கருவிய ஒருநாள் விட்டு ஒருநாள் அணைச்சுக்கிடலாம், மேடம். அது குளிர் தாங்கும். இது தாங்காது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தப் பாட்டுப் பெட்டியப் போடும்வே. இந்த ஏழு மாசத்துல நான் அத ஒரு தடவகூடக் கேக்கல.”

புதன்கிழமைப் புயலைப் போட்டோம். தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார். வலக்கை தானாக உயர்ந்து, எதையோ பிடித்திருப்பதுபோல் காற்றில் நின்றது.

“கேக்குதாவே?” என்றேன்.

“கேக்குது, கேக்குது. நீரு சும்மா இரும்.”

ஒன்பது நிமிடம் கேட்டோம். குழுவின் அடுத்த பொருள் மதிய உணவுக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது.

மார்ச் 24, செவ்வாய்

ஜார் வந்துவிட்டது. உலகம்மாள் முதல் வேலையாகத் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். கடிதத்தைக் கேட்டாள்; கொடுத்தேன். பின்பக்கம் வெற்றாக இருக்கிறது, பத்தாம் வகுப்புக்குச் சொல்வதெழுதப் பயன்படும் என்றாள்.

ஆய்வுப் பதிவில் எதையும் அடித்து அழிக்கக் கூடாது. தவறான வரியை அப்படியே விட்டு, ஓரத்தில் திருத்தமும் தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். மாணவர்களுக்கு இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். பழைய நாட்குறிப்பை எடுத்தேன். ஜூன் 12. மூன்றாம் சுருள் வரியின் ஓரத்தில் எழுதினேன்: ‘குறி மாற்றப்பட்டது. 24-3-2026.’ கையெழுத்திட்டேன்.

அடுத்த வரியில் அவன் சொன்ன சொல் இருக்கிறது. பேனாவை மூடாமல் அதைச் சற்று நேரம் பார்த்தேன். பிறகு அதன் ஓரத்திலும் எழுதினேன்: ‘மேற்படித் திருத்தம் இதற்கும் பொருந்தும்.’

அதற்கும் கையெழுத்திட்டேன்.